பதினேழு கதிரையும் ஒரு கோப்புப் பெட்டியும்

"2022 ஒக்டோபர் 21, வெள்ளி. அரசியலமைப்பின் இருபத்தோராவது திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வானொலியில் கேட்டுக் குறித்தேன். மழை. கடைக்குப் போகும் வழியில் க.அ.வைக் கண்டேன். நான் வாயைத் திறக்குமுன், 'பத்துப் பேரும் திரும்பி வந்துட்டாங்க சார், கதிரை மட்டும் அதே பதினேழுதான்' என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை."

என் நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். கடைசி வரியின் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன் என்று அன்று எழுதவில்லை. இப்போது எழுதலாம். பொறாமை.

க.அ. என்றால் கதிரை அக்கா. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், அவரைவிட மூத்தவனான நானும். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. அவர் தன் பெயர் அச்சில் வருவதை விரும்பியவர் அல்ல. ஆனால் அவர் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டவன் நான். அது வேறு கணக்கு. இந்தப் பக்கங்கள் அதற்காகத்தான்.

அவர் கதிரை வாடகைக்கு விடுபவர். கல்யாணம், செத்த வீடு, திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, எதுவானாலும் சின்ன லொறி ஒன்றில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு அவரும் முன்னால் உட்கார்ந்து வருவார். இறக்கி, தட்டி, வரிசை போட்டபின் மற்ற வாடகைக்காரர்கள் போய்விடுவார்கள். மறுநாள் வந்து எடுப்பார்கள். அவர் போக மாட்டார். முன்பு ஒரு தடவை எட்டுக் கதிரை காணாமல் போனதிலிருந்து, கடைசி ஆள் எழும்பும் வரை மண்டபத்தின் பின்பக்கம் நின்றே இருப்பார். வாடகைக்குக் கொடுத்த கதிரையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவிழ்த்த வாளி ஒன்றில் உட்காருவார், அல்லது சுவரில் சாய்ந்து நிற்பார்.

கண்டியில் நடந்த எத்தனை சட்ட விளக்கக் கூட்டங்களுக்கு அவர் இப்படிக் கதிரை கொண்டு போயிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சட்டத்தரணிகள் தோட்டத்து மக்களுக்கு நடத்தும் கூட்டங்கள், ஆசிரியர் சங்கக் கருத்தரங்குகள், யாரோ பேராசிரியர் வந்து அரசியலமைப்பைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேசுவது. அழைக்கப்பட்டவர்கள் தேத்தண்ணி இடைவேளையோடு கழன்றுவிடுவார்கள். நானும் அப்படித்தான், கடைசி பஸ்ஸுக்குப் பயந்து. முழுதும் கேட்ட ஒரே ஆள் பின்னால் வாளியில் உட்கார்ந்திருந்த அவர். நான் வாசித்து அறிந்ததையெல்லாம் அவர் காத்திருந்து அறிந்தார்.

அவருக்கு ஒரே ஒரு பார்வைதான் இருந்தது. உலகத்தில் ஆட்கள் இல்லை. கதிரைகள் இருக்கின்றன, அவற்றில் ஆட்கள் வந்து உட்கார்ந்து எழும்பிப் போகிறார்கள். பங்குத் தந்தை மாற்றலாகிப் போனபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும், "கதிரை இங்கதானே இருக்கு" என்றார். கல்நெஞ்சு என்று சிலர் நினைத்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அவரைப் பற்றி யாராவது குறை சொல்வது எனக்கு அப்போதே பிடித்திருந்தது.

உயர் நீதிமன்றத்தையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். நீதியரசர் ஒருவரின் பெயர்கூட அவர் வாயில் வந்ததில்லை. "மூணாவது கதிரை", "ஒன்பதாவது கதிரை", அவ்வளவுதான். ஒவ்வொரு கதிரையும் எந்த மாதம் காலியாகும் என்பது அவருக்கு மனப்பாடம். உயர் நீதிமன்ற நீதியரசர் அறுபத்தைந்து வயதில் எழும்ப வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அறுபத்து மூன்று. யாராவது பதவியேற்றதாகப் பத்திரிகையில் வந்தால், பிறந்த திகதியைத் தேடிக் கண்டுபிடித்து, அறுபத்தைந்தைக் கூட்டி, பங்குக் கலண்டரில் அந்த நாளில் ஒரு புள்ளி வைப்பார். புனிதர்களின் திருநாட்களுக்கு நடுவே நீதியரசர்களின் கடைசி நாட்கள்.

"நீங்க அங்க இருந்திருந்தா போன வருஷமே எந்திரிச்சிருக்கணும் கிளாக்கர் சார்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞனாக வேலை செய்தவன் என்பதால் ஊரில் நான் கிளாக்கர் சார். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. சிரித்தேன். வீட்டுக்கு வந்து அரசியலமைப்பை எடுத்து அறுபத்து மூன்றையும் அறுபத்தைந்தையும் சரிபார்த்தேன். இரண்டும் சரி.

அவருடைய கதிரைகளில் முதுகுப் பக்கத்தில் இலக்கம் போட்டிருக்கும். எல்லாம் கறுப்பு, கை வைத்த கதிரைகளில் முதல் பதினொன்று மட்டும் சிவப்பு. பிரதம நீதியரசரும், அவரோடு அதிகபட்சம் பத்து நீதியரசர்களும். நெடுங்காலம் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2020 ஒக்டோபர் 22, வியாழன், இருபதாவது திருத்தம் நிறைவேறி அந்தப் பத்து பதினாறாகியது. கொரோனாக் காலம்; கதிரை கேட்டு யாரும் வரவில்லை. அந்தக் கிழமைக்குள் அவர் முற்றத்தில் உட்கார்ந்து இன்னும் ஆறு கதிரைகளின் கறுப்பைச் சுரண்டிவிட்டுப் பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை சிவப்பில் எழுதிவிட்டார். கல்யாண வீடுகளில் அவையும் மற்றக் கதிரைகளோடு கலந்துதான் போகும். "பிரதம நீதியரசர் கதிரையில மாப்பிள்ளையோட பெரியம்மா குந்தியிருக்கா, எழுப்ப ஏலாது" என்று பந்தி நடுவில் வந்து என் காதில் சொல்லிவிட்டுப் போவார்.

அதே காலத்தில்தான் நான் பங்குச் செய்திமடலில் உயர் நீதிமன்றத்தின் வரலாற்றை நான்கு பகுதிகளாக எழுதினேன். 1801இல் நீதிப் பட்டயத்தின் கீழ் அது நிறுவப்பட்டதிலிருந்து தொடங்கி, 1978 அரசியலமைப்பு வரை, ஒவ்வொரு திகதியையும் இரண்டு மூலங்களில் ஒப்பிட்டு எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் பகுதியில் பக்கம் ஒன்று தலைகீழாக அச்சாகியிருந்ததை அடுத்த மாதம் நானேதான் கண்டுபிடித்தேன்.

நான்காம் பகுதி வந்த ஞாயிறு, பூசை முடிந்தபின், பங்கு மண்டபத்தில் ஓர் ஆட்டோச் சாரதி அவரிடம், பெரிய நீதவான்மாரை யார் போடுகிறார்கள் என்று கேட்டான். கையில் என் செய்திமடலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே கேட்டான். அவர் சிவப்பு இலக்கக் கதிரைகளை ஒரு வரிசையாகப் போட்டார். எதிரே பத்துக் கறுப்புக் கதிரை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு அவற்றில் உட்காரச் சொன்னார்.

"நீ ஜனாதிபதி" என்றார் சாரதியிடம். "ஒன்பதாவது கதிரை காலி. யாரப் போடுற?"

"என் மச்சானத்தான்."

"சட்டம் படிச்சிருக்கானா?"

"அதெல்லாம் இல்லக்கா. நல்லவன்."

பத்துக் கதிரையிலிருந்தும் ஒரே குரலில் வேண்டாம் என்று சத்தம் வந்தது. அவனுடைய மச்சானைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை.

"பேரவ வேணாம்னுடுச்சு. அப்ப உன் மச்சான் உக்கார ஏலாது" என்றார். பத்துப் பேர் யார் என்று பிறகு விளக்கினார்; 2022இல் திரும்பி வந்ததாக அவர் சொன்ன பத்துப் பேர் இவர்கள்தான். சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் முதலாகப் பாராளுமன்றத்துக்காரர் ஏழு பேர், வெளியார் மூன்று பேர். ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும். பேரவை பிரதம நீதியரசரின் கருத்தையும் கேட்டுப் பார்த்து, அங்கீகரித்தால்தான் நியமனம். அதன்பின் ஐந்து பெண்களை எழுப்பி விட்டார். மிச்சம் ஐந்து பேரின் கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டார். "இருபதாவது திருத்தத்துக்கு அப்புறம் இப்ப இருக்கிறது இதுதான். இவங்க ஏதாவது அபிப்பிராயம் சொல்லலாம். வேணாம்னு சொல்ல ஏலாது. இப்ப உன் மச்சானக் கூட்டிட்டு வா."

சாரதி ஓடிப்போய் ஒன்பதாவது கதிரையில் தானே உட்கார்ந்தான். மண்டபமே சிரித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து பேரின் பாராளுமன்றப் பேரவைக்கும் பத்துப் பேரின் அரசியலமைப்புப் பேரவைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அங்கிருந்த பிள்ளைகளுக்குக்கூட இனி அது மறக்காது என்பது தெரிந்தது. நான் தேத்தண்ணி குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு வருடம் அவருடைய பேச்சில் ஒரு பிழை கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருந்தேன். ஒன்று கிடைத்தது. உயர் நீதிமன்றம் கொழும்பை விட்டு எங்கேயும் போனதில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தவறு. எழுபதுகளின் தொடக்கம் வரை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஊர் ஊராகச் சுற்றில் வந்து கண்டியிலேயே பெரிய குற்ற வழக்குகளைக் கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நாலு பேர் இருக்கும்போதே காட்டினேன்.

அவர் முகம் விழவில்லை. விரிந்தது. "அப்ப அந்தக் கதிரைங்க இங்கயும் வந்திருக்கா சார்? எந்தக் கட்டடத்துல? இப்பவும் இருக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் புத்தகத்தில் கதிரையைப் பற்றி ஒன்றும் இல்லை. அன்றுதான் சொன்னார்: "ஒரு தடவயாவது கொழும்புக்குப் போயி அந்தக் கதிரைகளப் பாக்கணும் சார்." அவர் என்னிடம் ஏதாவது வேண்டும் என்று சொன்னது அது ஒன்றுதான்.

இனி என் மகளின் விஷயம்.

மகள் நிலானி, மூன்று மொழியும் நன்றாக எழுதுவாள். ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்தாள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்குப் பின் அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டிய பட்டியலில் தெரிவான ஐவரில் அவள் நான்காவது. சில கிழமைக்குப் பின், ஒரு திங்கட்கிழமை, அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் அவள் இல்லை. அவள் இடத்தில் தேர்வுக்கே வராத ஒருவரின் பெயர். நிலானி பலகைக்கு முன்னால் நின்றே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை. வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது, அரச நியமனத்துக்கு இன்னொரு தடவை அவளால் விண்ணப்பிக்க முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை நேரே உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அதற்கு ஒரு மாத காலம். இது எனக்குத் தெரியாததல்ல; உறுப்புரை நூற்று இருபத்தாறு. ஆனால் மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? தெரிவாகவில்லை என்ற கடிதம் பத்தொன்பது நாள் கழித்துத் தபாலில் வந்தது. கையொப்பமும் முத்திரையும் இலக்கமும் திகதியும் உள்ள கடிதம். கச்சேரியில் இருந்த காலமெல்லாம் பலகையில் ஒட்டியதை நாங்கள் காகிதம் என்றே நினைத்ததில்லை. கோப்பில் இலக்கமிட்டுப் போடும் கடிதம்தான் எங்களுக்குத் திகதி. அன்றிலிருந்து எண்ணினேன். கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க நாள் குறித்தேன். அந்த நாளுக்குப் பிறகும் பத்து நாள் மிச்சமிருக்கும் என்பது என் கணக்கு.

பட்டியல் மாறிய இருபத்து நான்காம் நாள் எங்கள் தெருவில் ஒரு செத்த வீடு. பகல் பொழுது, பிரேதம் இன்னும் எடுக்கவில்லை. க.அ. கதிரைகளை வரிசையாக்கிக்கொண்டு வந்தவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். நிலானி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மகள் என்னிடம் சுருக்கமாகச் சொன்னதையெல்லாம் அவரிடம் விரிவாகச் சொல்லியிருந்தாள்.

"சார், கடுதாசி வந்த நாளப் பாக்காதீங்க. புள்ள பலகையப் பாத்த நாள எண்ணுங்க. இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் கச்சேரியில் முப்பது வருடம் திகதி போட்டவன் என்று சொன்னேன். கதிரை எண்ணுவதும் நாள் எண்ணுவதும் ஒன்றல்ல என்றும் சொன்னேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார். ஒண்ணு கொறஞ்சாலும் நமக்குத்தான் நட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அன்று வீட்டில் நிலானியிடம், கதிரைக்காரியின் பேச்சைக் கேட்டு நடந்தால் என் கோப்பைத் தொட வேண்டாம் என்றேன். அவள் சரி என்றாள். கோப்பை அவள் தொடவில்லை.

சட்டத்தரணி கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் ஒரு சிறிய அறையில் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, நிதானமான பேச்சு. நான் கோப்பைத் திறந்து, அடையாளச் சீட்டு ஒட்டிய பக்கங்களை வரிசையாகக் காட்டினேன். கடிதத்தை வாங்கிப் பார்த்தவர், அதை ஓரமாக வைத்துவிட்டு நிலானியைப் பார்த்தார்.

"நீங்கள் எப்ப அறிஞ்சனீங்கள்?"

நிலானி திங்கட்கிழமையைச் சொன்னாள். சட்டத்தரணி மேசைக் கலண்டரைத் திருப்பினார். விரலால் எண்ணினார். முப்பத்தொன்பது.

"அப்ப மாதம் கடந்திட்டுது, ஐயா."

என் கைகள் கோப்பின் மேல் இருந்தன. அந்த அறையில் மின்காற்றாடி இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. அறைகளைப் பற்றி அப்படி எனக்கு நினைவில்லாமல் போவதில்லை.

நிலானி தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிக் கிளையில் முறைப்பாடு பதிந்ததற்கான பற்றுச்சீட்டு. பலகையைப் பார்த்த இருபத்தேழாம் நாள். அதோடு, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று ஆணைக்குழு கொடுத்த கடிதம் ஒன்றும். மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது சட்டத்தில் இருக்கிறது. நான் வாசித்திருக்கிறேன். ஒரு காலத்தில் வாசித்து அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

சட்டத்தரணி இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கச் சொல்லி ஆர் சொல்லித் தந்தது? இதை விட்டிட்டு வந்து நிக்கிறவைதான் கூடப் பேர்."

"எங்க ஊர்ல கதிரை வாடகைக்கு விடுற ஒரு அக்கா. அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க."

"அவவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் சட்டத்தரணி. சிரிக்காமல்தான் சொன்னார்.

என் மகளின் மனு பிழைத்தது. எந்தத் தகப்பனுக்கும் அந்த இடத்தில் முதலில் வர வேண்டியது நிம்மதி. எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல. அந்தத் தாளில் "கூட வந்தவர்" என்று எங்கேயாவது அவர் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அது தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மனுவை விசாரணைக்கு ஏற்பதா இல்லையா என்று நீதிமன்றம் பார்க்கும் நாள் வந்தது. அதற்கு முதல் நாள் மாலை க.அ. வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. புதிதாகத் தோய்த்து மடித்த சேலை ஒன்றைப் பையில் வைத்திருந்தார், எதற்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்குக் கார்ல எடம் இருக்குமா சார்? ஒரு ஓரத்துல உக்காந்துக்குவேன். உள்ள வந்தாலும் பேச மாட்டேன்."

என் மச்சானின் கார். மச்சான் ஓட்டுவார், நான் முன்னால், நிலானி பின்னால். கணக்கு எவருக்கும் வரும்.

"பின்னால கோப்புப் பெட்டி வைக்கணும்" என்றேன்.

அவர் நிறுத்தியிருந்த காரைப் பார்த்தார். பின் ஆசனத்தைப் பார்த்தார். கதிரை எண்ணிப் பழகிய கண். "ஆமா, கோப்பு முக்கியம்தான்" என்றார். போகும்போது நிலானியை ஜன்னலில் கண்டு கையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அதிகாலை கோப்புப் பெட்டியைப் பின் ஆசனத்தில், நிலானிக்குப் பக்கத்தில் வைத்தேன். சப்பாத்துப் பெட்டி அளவுதான். அதற்கு அந்தப் பக்கம் இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். கடுகண்ணாவ இறக்கத்தில் பெட்டி சறுக்கி நிலானியின் மடியில் விழுந்தது. அவள் அதைத் தூக்கித் திரும்பவும் ஆசனத்தில் வைத்தாள்.

நீதிமன்றத்தில் நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். மூன்று நீதியரசர்கள் வந்தார்கள். நான் நேரம் குறித்தேன், வழக்கு இலக்கம் குறித்தேன், எதிர்த்தரப்பில் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து எத்தனை பேர் என்று குறித்தேன். எங்கள் முறை வந்து ஒன்பது நிமிடத்தில் மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. மற்றவை விரைவாகச் சொல்லக்கூடியவை. மூவரில் நடுவில் இருந்த நீதியரசர் ஓய்வு பெறுவார், அதற்குள் வழக்கு முடியாவிட்டால் அமர்வு மாறும் என்று க.அ. நிலானியிடம் மாதத்தோடு சொல்லியிருந்தார். அந்த மாதத்தில் அப்படியே நடந்தது. அதற்குப் பின் வந்த வழக்குத் தவணை ஒன்றில், நியமனம் கொடுப்பதாக அந்த அலுவலகம் ஒப்புக்கொள்ள, மனு முடிவுக்கு வந்தது. இப்போது நிலானி அந்த மேசையில்தான் வேலை செய்கிறாள்.

அந்த வருடப் பங்கு மலரில் இதைக் கட்டுரையாக எழுதினேன். பட்டியல் மாறிய நாள், கடிதம் வந்த நாள், முறைப்பாட்டு நாள், ஏற்கப்பட்ட நாள், முடிவு நாள், ஒன்றும் விடவில்லை. ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் நாங்கள் சென்றோம் என்று எழுதினேன். அந்த 'நாங்கள்' யார் என்று எழுதவில்லை. வாசித்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். திகதி பிசகாத மனிதர் என்று பங்குத் தந்தை பிரசங்கத்தில் சொன்னார்.

மலர் வெளியீட்டுக்குக் கதிரை கொண்டு வந்தவரும் க.அ.தான். எல்லோரும் போனபின் வாளியில் உட்கார்ந்து கட்டுரையை முழுதும் வாசித்தார். நான் மேடையில் பூச்சாடிகளை எடுத்து வைப்பதுபோல் நின்றேன். வாசித்து முடித்து மலரை மூடி என்னிடம் நீட்டினார்.

"திகதியெல்லாம் சரியா இருக்கு சார்."

அவ்வளவுதான். பிறகு கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். அவர் குரலில் குத்தல் எதுவும் இருந்ததா என்று பல நாள் யோசித்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் முழங்கால் வலி அதிகமாகி, கதிரைகளைப் பங்குக்கே கொடுத்துவிட்டுத் தெல்தெனியவில் தங்கை வீட்டோடு போய்விட்டார். இந்த வருடத் தவக்காலத்தில் அங்கேயே காலமானார். செத்த வீட்டுக்கு நிலானியும் நானும் பஸ்ஸில் போனோம். அங்கே போட்டிருந்தவை வேறு யாருடைய கதிரைகளோ; முதுகில் இலக்கம் இல்லை. கதிரைக்காரனும் இல்லை, போட்டுவிட்டுப் போய்விட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிலானி சொன்னாள். "அன்னைக்கு அவங்க கோர்ட்டுக்கு வந்திருந்தாங்கப்பா."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எந்த நாளென்று தெரியும்.

மனு ஏற்கப்பட்டதும் எல்லோரும் எழும்பினோமாம். அவள் திரும்பிப் பார்த்தபோது கடைசி வாங்குப் பலகையிலிருந்து ஒரு பெண் எழும்பிக் கதவால் வெளியே போனாராம். அந்தச் சேலைதான், அந்த நடைதான். முகத்தைக் காணவில்லை. பிறகு கேட்டதற்கு க.அ. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டாராம். இதை ஏன் என்னிடம் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க எழுதி வச்சிருப்பீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அன்றைய நாட்குறிப்பை எடுத்தேன். நேரங்கள் இருக்கின்றன, இலக்கங்கள் இருக்கின்றன. "சென்றோர்: நான், நிலானி, மச்சான்" என்று இருக்கிறது. நான் ஒரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்ததாக இல்லை.

ஒரு சான்று உண்டு. அந்த நாளுக்குப் பிறகு மண்டபத்தில் அவர் பிள்ளைகளுக்கு உயர் நீதிமன்றத்தைக் காட்டும்போது புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. சிவப்புக் கதிரைகளில் மூன்றை எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பிள்ளையை நிறுத்துவார். நீதியரசர் வந்ததும் பின்னால் நிற்பவர் கதிரையை இழுத்துப் பிடித்து, அவர் உட்காரும்போது மெதுவாக முன்னால் தள்ள வேண்டும். "சத்தம் வரக் கூடாது" என்பார். அது உண்மை, அன்று நீதிமன்றத்தில் நானும் கண்டேன். ஆனால் குறிக்கவில்லை. அங்கே படம் பிடிக்க விடுவதில்லை. நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. நிலானியோ, தான் அதைச் சொல்லவில்லை என்கிறாள். கருத்தரங்கு ஒன்றில் யாராவது சட்டத்தரணி சொல்லக் கேட்டிருக்கலாம்.

தெல்தெனியவிலுள்ள தங்கையிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். அன்று அதிகாலை கொழும்பு பஸ்ஸில் அவரைக் கண்டவர் எவரையும் இன்னும் சந்திக்கவில்லை. அவர் அந்தக் கதிரைகளைத் தன் கண்ணால் பார்த்தாரா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை. காரில் இடம் இருந்தது என்பது மட்டும் உறுதி.